சவுண்ட் கார்டு வாங்கக் கிளம்புவதற்கு முன் லேட்டன்சிமானை ஓட்டிப் பாருங்கள்

பாட்டுக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. கேமைத் திறந்து பத்து நிமிடம் ஆனதும் ஹெட்செட்டில் 'பட்... பட்பட்' என்று தெறிக்கிறது. இதைக் கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தம்பி, போர்டுல சவுண்டு வீக்காயிடுச்சு, யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு மாட்டிக்க." மாட்டிய பிறகும் அதே 'பட்பட்' கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கேம் ஓடும்போது மட்டும் வரும் தெறிப்புக்கு முதல் சந்தேகம் சவுண்ட் சிப் மேல் போகக்கூடாது. புராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிடாமல் நிற்கும் வேறொரு டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) மேல் போக வேண்டும். அது கிராபிக்ஸ் டிரைவராக இருக்கலாம், வைஃபையாக இருக்கலாம், யூஎஸ்பியாகவும் இருக்கலாம்.

எது என்று காட்டிக் கொடுக்கும் மென்பொருள்தான் லேட்டன்சிமான். ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர் என்று வடசென்னை வீடுகளில் இருக்கும் கேமிங் பிசிகளில் நிறைய, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தவை. போர்டு ஒரு கம்பெனி, வைஃபை கார்டு இன்னொரு கம்பெனி, கிராபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட். அப்படிப்பட்ட மெஷினில் எது யாரோடு மல்லுக்கு நிற்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் இந்த மென்பொருளை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். கூடவே, இது கண்டுபிடிக்கவே முடியாத இரைச்சல்கள் எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்துக் கடல் காற்றும் பழைய வீட்டு வயரிங்கும் அதில் பாதிக்குக் காரணம்.

மென்பொருளுக்கு முன்னால் காது

ஓட்டுவதற்கு முன் சத்தத்தை ஒழுங்காகக் கேளுங்கள். நம்ம மொழியில் சத்தத்துக்குப் பெயருக்கா பஞ்சம்? ஒழுங்கில்லாத இடைவெளியில் 'பட்' என்று தெறித்து, அந்தக் கணம் ஒலி ஒரு சிட்டிகை அறுந்து திரும்ப ஒட்டினால், அது லேட்டன்சிமானுக்கு உரிய கேஸ். குண்டு வெடிக்கும்போதும் பேஸ் அடிக்கும்போதும் மட்டும் 'கரகர' என்று கிழிந்தால், ஈக்வலைசரில் எதையோ ஏற்றி வைத்து சிக்னல் உச்சியில் வெட்டுப்படுகிறது. பேஸ் பூஸ்ட்டையும் லவுட்னஸையும் அணைத்தால் போய்விடும். எதுவும் ஓடாதபோதும் 'ஙொய்ய்' என்று அடியில் ஓடிக்கொண்டே இருந்தால் அது எர்த் விவகாரம். மவுஸை நகர்த்தும்போது 'கீச்கீச்' என்று கூடவே வந்தால் கேபினெட்டுக்குள் இருக்கும் மின் இரைச்சல். பின்னைத் திருகும்போது 'சர் சர்' என்றால் ஜாக்கில் பச்சை பிடித்திருக்கிறது. இந்த ஐந்தில் முதலாவதற்கு மட்டும்தான் லேட்டன்சிமான் விடை சொல்லும். மற்ற நான்கில் அது பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும்.

அந்த முதல் 'பட்' எப்படி உண்டாகிறது? தண்ணீர் லாரி வரும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சவுண்ட் சிப் என்பது நிற்காமல் ஒழுகும் குழாய். அதன் மேல் ஒரு சின்ன டிரம். விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அந்த டிரம்மில் ஊற்றுகிறது. 48,000 ஹெர்ட்ஸில் அது 480 துளி (சாம்பிள்). லாரி நேரத்துக்கு வந்தால் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். வழியில் வேறொரு வண்டி குறுக்கே நின்றுவிட்டால் டிரம் வறண்டு, ஒலி அலை பாதியில் அறுந்து, அந்த அறுபட்ட முனைதான் காதில் 'பட்' என்று விழுகிறது. குறுக்கே நிற்கும் அந்த வண்டியைத்தான் டிபிசி என்கிறார்கள். ஒரு கருவி கூப்பிட்டதும் அதன் டிரைவர் செய்யும் அவசர வேலை அது. அந்த வேலை முடியும்வரை அதே கோரில் கேமும் சரி, ஒலி ஊற்றும் வேலையும் சரி, காத்திருக்க வேண்டியதுதான். டிபிசி ஒன்று 100 மைக்ரோ செகண்டுக்கு மேல் ஓடக்கூடாது, அதற்கும் முந்தைய கட்டமான ஐஎஸ்ஆர் 25 மைக்ரோ செகண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வரம்பு. நடைமுறையில் கிராபிக்ஸ் டிரைவர்கள் அதைத் தாண்டத்தான் செய்யும்.

ஓட்டும் முறை

நிறையப் பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். திறந்து, ஒரு நிமிடம் ஓட்டி, பச்சையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது.

முதலில் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் 'ஹை பர்ஃபார்மன்ஸ்' வைத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ்டு நிலையில் புராசஸர் தூங்கி எழும் தாமதமும் கணக்கில் சேர்ந்து, குற்றமில்லாத டிரைவர் மேல் பழி விழும். லேட்டன்சிமானை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மேலே இடது மூலையில் உள்ள பச்சை முக்கோணத்தை அழுத்தி, வேறெதையும் தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள். அதுதான் உங்கள் மெஷினின் நிம்மதியான நிலை. நிறுத்தி, எண்களைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்து, இந்தமுறை கேமை ஓட்டி இருபது நிமிடம் உண்மையாகவே விளையாடுங்கள். இடையில் கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போடாதீர்கள். எழுந்ததும் ஒரு பெரிய பொய்யான எண் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு உபாயம். கேம் சத்தத்துக்குள் 'பட்' கேட்பது கஷ்டம். கேமின் ஒலியை மியூட் செய்துவிட்டு, பின்னணியில் ஒரே சுருதியில் நீளும் 440 ஹெர்ட்ஸ் டோன் ஃபைல் ஒன்றை ஓடவிடுங்கள். தம்பூரா மாதிரி நிற்காமல் போகும் அந்த ஒலியில் ஒரு சின்ன அறுபடல்கூட ஊசி குத்தியது மாதிரி கேட்கும். இரண்டாவது மானிட்டர் இருந்தால் லேட்டன்சிமானை அதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேமை விண்டோவில் ஓட்டுங்கள். 'பட்' விழும் அதே நொடியில் பட்டையும் துள்ளினால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறான். 'பட்' விழுந்தும் பட்டை அசையவே இல்லை என்றால் டிரைவர் லேட்டன்சியை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடுங்கள். இந்த ஒரு சோதனையே பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

முதல் டேபில் பட்டைகள் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது மொத்தத் தாமதம். அடுத்தது ஐஎஸ்ஆர், அதற்கடுத்தது டிபிசி, கடைசியில் பேஜ்ஃபால்ட், அதாவது ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுத்துவரும் வேலை. சிவப்பைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். டிபிசி உச்சம் 500 மைக்ரோ செகண்டுக்குள் என்றால் கேமிங் பிசிக்கு அது நல்ல உடம்பு. 1,000ஐ எப்போதாவது ஒருமுறை தொட்டால் விட்டுவிடலாம். 1,000க்கு மேல் திரும்பத் திரும்பப் போனால் விசாரிக்க வேண்டும். 4,000, 5,000 என்று நின்றால் 10 மில்லி செகண்ட் டிரம்மில் பாதியை ஒரே டிரைவர் விழுங்குகிறது என்று அர்த்தம். 'பட்' கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். இசை மென்பொருளில் 64 சாம்பிள் பஃபர் வைத்து வேலை செய்பவர்களுக்கு டிரம்மே 1.33 மில்லி செகண்ட்தான். அவர்கள் இதைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

உண்மையான தகவல் 'டிரைவர்ஸ்' டேபில் இருக்கிறது. 'ஹையஸ்ட் எக்சிக்யூஷன்' என்ற தலைப்பை ஒருமுறை கிளிக் செய்து பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். மேலே இருக்கும் மூன்று பெயர்கள்தான் முக்கியம்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

லேட்டன்சிமானின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. பெயரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பட்டியலில் அடிக்கடி மேலே வரும் டி-எக்ஸ்-ஜி கெர்னல், என்டிஸ், டபிள்யூ-டி-எஃப் 01000, ஸ்டோர்போர்ட் எல்லாமே மைக்ரோசாஃப்டின் சொந்த ஃபைல்கள். அவை தரகர்கள். அவர்கள் மேல் புகார் கொடுத்துப் பயனில்லை. அவர்களை யார் வேலைக்கு அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டும்.

டி-எக்ஸ்-ஜி கெர்னலோடு என்-வி-எல்-டி-டி-எம்-கே-எம் என்ற நீளப் பெயரும் சேர்ந்து வந்தால் என்விடியா டிரைவர். டிடியூ என்ற கருவியால் சேஃப் மோடில் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் பவர் மேனேஜ்மென்ட் மோடை 'பிரிஃபர் மேக்சிமம் பர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். கார்டு நொடிக்கு நொடி வேகத்தை ஏற்றி இறக்கும்போதுதான் பல தெறிப்புகள் வருகின்றன. இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: லேட்டன்சிமானில் டிபிசி தாமதம் கூடுதலாகத் தெரிகிறது என்ற புகாரை என்விடியாவே தன் குறைப் பட்டியலில் வைத்திருந்து, 2023 ஜூலையில் வந்த 536.67 டிரைவரில் ஆம்பியர் வகை கார்டுகளுக்கு, அதாவது ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கு, சரிசெய்தது. செகண்ட் ஹேண்டில் 3060, 3070 வாங்கி, கூடவே வந்த பழைய டிரைவரையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

என்டிஸ் மேலே வந்தால் நெட்வொர்க். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்து, அந்த 440 ஹெர்ட்ஸ் டோனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எண் சரசரவென்று இறங்கினால் கேஸ் முடிந்தது. விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்ட டிரைவரை விட்டுவிட்டு மதர்போர்டு அல்லது வைஃபை சிப் கம்பெனி தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயரை இழுத்துவிடுவதே உத்தமம். பிங்கும் நன்றாக இருக்கும்.

டபிள்யூ-டி-எஃப் 01000 என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி வரிசையில் தேடுங்கள். வெப்கேம், ஆர்ஜிபி கன்ட்ரோலர், கேம்பேட், ஹப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஹெட்செட்டே யூஎஸ்பி என்றால் கேபினெட்டின் முன்பக்கத்தில் செருகாமல் பின்னால் போர்டிலேயே செருகுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' அணைந்திருக்க வேண்டும். ஏஎம்டி 500 வரிசை சிப்செட் போர்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த போர்டுகளில் யூஎஸ்பி விட்டுவிட்டு அறுவதை ஏஎம்டி ஒப்புக்கொண்டது; யூஎஸ்பி டேக்கில் (ஒலியை அனலாக் ஆக்கும் வெளிக் கருவியில்) கேட்கும் கரகரப்பும் அந்த அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2021 ஏப்ரலில் ஏஜீசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை மென்பொருள்) 1.2.0.2 உள்ள பயாஸ்களில் தீர்வு வந்தது. அடுத்த வருடமே இன்னொன்று: எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி காரணமாக மெஷின் முழுக்க ஒரு கணம் உறைந்து திரும்புவது. மவுஸும் நிற்கும், ஒலியும் இழுபடும். அதற்கு 2022 மே முதல் வந்த ஏஜீசா 1.2.0.7 பயாஸ் வேண்டும். இரண்டுக்குமே விண்டோஸுக்குள் எதைத் திருகியும் பயனில்லை. பயாஸ் ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும், அதனால் யூபிஎஸ்ஸில் வைத்துத்தான் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர்போர்ட் மேலே நிற்கிறது, பேஜ்ஃபால்ட் எண்ணும் எகிறுகிறது என்றால் ரேமையும் டிஸ்க்கையும் பாருங்கள். 8 ஜிபி ரேமில் கேம், குரோம், டிஸ்கார்ட் மூன்றையும் திறந்தால் விண்டோஸ் பாதியைத் தூக்கி டிஸ்க்கில் போடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு துண்டைத் தேடி எடுத்துவர 10 மில்லி செகண்டுக்கு மேலேயே ஆகும். ஒலி டிரம்மின் முழு அளவே அதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். 16 ஜிபி ஆக்கி, பேஜ் ஃபைலை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் சவுண்ட் கார்டு மாற்றுவதைவிட ஆயிரம் மடங்கு பலன்.

கேமிங் லேப்டாப்பில், பவர் விவகாரங்களைக் கவனிக்கும் ஏசிபிஐ மேலே வந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் கீழே உள்ள 'ஏசிபிஐ கம்ப்ளயன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி'யைச் சோதனைக்காக டிசேபிள் செய்து பாருங்கள். தெறிப்பு நின்றால் லேப்டாப் கம்பெனியின் புதிய பயாஸ்தான் சரியான மருந்து. அப்படியே விட்டுவிடாதீர்கள், பேட்டரி சதவீதம் தெரியாமல் லேப்டாப் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

எல்லாம் பச்சை, ஆனாலும் ஒலி விட்டு விட்டு ரோபோ மாதிரி வருகிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து புராசஸர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு கோர் மெஷினில் ஃபிரேம் லிமிட் இல்லாமல் ஓட்டினால் இப்படி ஆகும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 141இல் கட்டுங்கள். பிறகு ரன்னில் 'எம்எம்சிஸ்.சிபிஎல்' (mmsys.cpl) போட்டு, உங்கள் ஹெட்செட்டின் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு போய், 192000 என்று இருந்தால் 24 பிட் 48000க்கு இறக்குங்கள். என்ஹான்ஸ்மென்ட்ஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். மதர்போர்டோடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும் '3டி சவுண்டு' மென்பொருளை நீக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பச்சை விளக்கு எரியும், இரைச்சலும் இருக்கும்

இனி லேட்டன்சிமான் பார்க்க முடியாத பக்கம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஓரத்தில் இருப்பவர்கள் டார்ச் அடித்து அந்தப் பச்சை ஜாக்குக்குள் ஒருமுறை பாருங்கள். உள்ளே வளையமாகத் தெரியும் உலோகம் பளபளவென்று இருக்க வேண்டும். மங்கிப்போய், விளிம்பில் நீலப்பச்சைப் பொடி ஒட்டியிருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. ஹெட்செட் பின்னிலும் பாருங்கள்: கறுப்பு வளையங்களை ஒட்டி கறுத்த கோடு இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம், அதில் பின்னை நனைத்து பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொள்ளுங்கள். துணியில் கறுப்பு வருவது நின்றால் போதும். செய்யும்போது கம்ப்யூட்டர் அணைந்திருக்கட்டும், காய ஐந்து நிமிடம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று யாராவது கேட்டால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

மவுஸ் நகர்த்தினால் 'கீச்' வருகிறவர்கள் முன்பக்க ஜாக்கை விட்டு பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாறிப் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் அந்த மெல்லிய ஆடியோ வயர், கிராபிக்ஸ் கார்டின் அடியில் நுழைந்து போர்டின் கீழ் மூலைக்குப் போகும். மொத்த இரைச்சலையும் வழியில் அள்ளிக்கொண்டு வருவது அதுதான். பின்பக்கத்தில் சுத்தமாக இருந்தால் அந்த வயரை கார்டிலிருந்து தள்ளி, போர்டு தட்டின் பின்புறமாகச் சுற்றி விடுங்கள்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒலியோடு முடிகிற விஷயம் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் லைன் வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைக்குள் இரைச்சலை எர்த்துக்கு வடிக்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கின்றன: ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று. எர்த் இல்லாதபோது அவற்றின் நடுப்புள்ளியான கேபினெட் உடம்பு, 230 வோல்ட்டில் பாதியளவான 115 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மிதக்கும். வெறுங்காலோடு கேபினெட்டின் பெயின்ட் உரிந்த திருகைத் தொட்டால் 'சுர்ர்' என்று கை கூசுவது இதனால்தான். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் வெறும் கூச்சமாகத் தெரிகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகி கேபினெட்டுக்கு நேராகக் கரண்ட் இறங்கினால் காப்பாற்ற எர்த் இல்லை. ஹெட்செட்டைக் கையால் தொட்டதும் 'ஙொய்' குறைகிறது அல்லது கூடுகிறது, மைக்கில் எதிராளிக்கும் அதே கேட்கிறது என்றால் எர்த் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 பக்கத்தில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரண்டு வோல்ட்தான் இருக்கலாம். 5ஐத் தாண்டினால் எர்த் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ஹம் (அந்த 'ஙொய்' சத்தம்) போவதற்காக மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னையே வெட்டிவிடுவார்கள், அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவார்கள். ஹம் சில சமயம் குறையவும் செய்யும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு இரைச்சலுக்காக வீட்டில் யாருடைய உயிரையும் பணயம் வைக்க வேண்டாம்.

எர்த் சரியாக இருந்தும் ஆம்ப்ளிஃபயரில், பவர்டு ஸ்பீக்கரில் 'உம்ம்' வந்தால் அது லூப். பிசி ஒரு பாயின்ட்டிலும் ஆம்ப் இன்னொரு பாயின்ட்டிலும் எர்த் ஆகி, இரண்டுக்கும் நடுவே ஆடியோ வயர் ஒரு வட்டம் போடுகிறது. இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், செலவே இல்லை. அதற்கும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் வாங்கலாம். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், ஹம்மை நன்றாகவே நிறுத்தும். மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும். ஹெட்போனுக்கும் மைக் சேர்ந்த ஹெட்செட்டுக்கும் இது ஒத்து வராது. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் 'ர்ர்ர்' என்று வந்தால் இன்வெர்ட்டர் சதுர அலை வகை. கம்ப்யூட்டருக்கு சைன் அலை வகைதான் பொருந்தும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: அதன் டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டிலோ, அதற்குப் பக்கத்திலோ செருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது வெளிவிடும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுகிறது. இன்டெல்லே 2012இல் இதை ஆவணமாக வெளியிட்டது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளை மேஜை மேல் கொண்டுவந்து வைத்தால் முக்கால்வாசி தொல்லை தீரும்.

அப்படியென்றால் யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கவே வேண்டாமா? வாங்கலாம், இரண்டு இடத்தில். 'கீச்' சத்தம் பின்பக்க ஜாக்கிலும் வந்தால், அல்லது உப்பில் ஜாக்கே தேய்ந்து பின் ஆடினால், ஒரு எளிய யூஎஸ்பி டேக் பிரச்சினையை உண்மையாகவே தீர்க்கும். ஒலியை அனலாக் ஆக்கும் வேலையை அது கேபினெட்டுக்கு வெளியே கொண்டுபோகிறது. டிபிசி 4,000 காட்டும் மெஷினில் வாங்கினால் காசு வீண்தான். யூஎஸ்பி ஒலியும் அதே புராசஸரை நம்பித்தான் இருக்கிறது, அதே லாரிக்காகத்தான் காத்திருக்கிறது.

லேட்டன்சிமானிடம் எங்களுக்கு இருக்கும் மற்ற மனக்குறைகள்: பேஜ்ஃபால்ட் எண்ணை எதற்கெடுத்தாலும் பெரிதாக்கிப் பயமுறுத்துகிறது. முடிவுரையில் 'பயாஸை அப்டேட் செய்யுங்கள், பவர் சேமிப்பை அணையுங்கள்' என்று எல்லோருக்கும் ஒரே மருந்துச் சீட்டை நீட்டுகிறது. ஒரு உச்ச எண் எந்த நொடியில் வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை, அதனால்தான் அந்த டோன் சோதனை அவசியமாகிறது. இருந்தும் இவ்வளவு சின்ன மென்பொருள், ஒரு பைசா வாங்காமல், இவ்வளவு துல்லியமாக வழி காட்டுவது பெரிய விஷயம். அசெம்பிள் செய்த ஒவ்வொரு பிசியிலும் முதல் நாளே ஒருமுறை ஓட்டி எண்களை எடுத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆறு மாதம் கழித்துத் தெறிப்பு வந்தால் ஒப்பிட ஒரு பழைய கணக்கு இருக்கும்.

கடைக்குப் போவது தவிர்க்க முடியாது என்றால் வெறுங்கையோடு போகாதீர்கள். லேட்டன்சிமானில் எடிட் மெனுவைத் திறந்து ரிப்போர்ட்டை காப்பி செய்து, உங்கள் அசெம்ப்ளர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே ஐந்து வரி: எந்த கேம், ஓட்டி எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது, முன் ஜாக்கா பின் ஜாக்கா, வைஃபையை அணைத்தபோது டிபிசி எவ்வளவு, பயாஸ் வெர்ஷன் என்ன. வாரன்ட்டியில் போர்டு மாற்றச் சொல்லிக் கேட்கும்போது, 'சவுண்டு வருதுண்ணா' என்பதைவிட அந்த ஐந்து வரி கவுன்ட்டரில் வேகமாக வேலை செய்யும்.